பழைய மினி காரின் ஹீட்டர் வால்வு இறுகிக்கொண்டால் என்ன செய்வது?

ஹீட்டர் குமிழை எவ்வளவு நகர்த்தினாலும் சூடு வரவில்லை என்றால், கோளாறு குமிழை வால்வோடு இணைக்கும் கேபிளிலா, ஹீட்டருக்குள் சூடான நீரை விடும் வால்விலா என்று முதலில் பாருங்கள். எஞ்சின் நன்றாக ஆறியபின், சிலிண்டர் ஹெட்டில் (எஞ்சினின் மேல் மூடிப் பகுதியில்) பொருத்தியுள்ள வால்வின் கையிலிருந்து (சிறு நெம்புகோலிலிருந்து) கேபிளைக் கழற்றுங்கள். கேபிள் தடையின்றி ஓடுகிறது, கை மட்டும் அசையவில்லை என்றால் வால்வுதான் இறுகியிருக்கிறது. பெரும்பாலும் கோடை முழுவதும் மூடியே கிடந்ததன் விளைவு இது. அந்தக் கை பொருந்தியுள்ள வால்வுத் தண்டைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கும்.

அதைப் பழைய பல் துலக்கியால் தேய்த்தெடுத்து, துரு இளக்கும் எண்ணெயைத் தண்டின் அடியில் விட்டு, ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் குறட்டால் வால்வின் கையைத் தண்டுக்கு மிக அருகில் பிடித்து, மயிரிழை அளவு இப்படியும் அப்படியும் அசையுங்கள். தயவுசெய்து சுத்தியலை எடுக்காதீர்கள், வால்வின் கை முறிந்துவிடும். அசைவு சிறிது சிறிதாகக் கூடும், அவசரம் வேண்டாம்.

இளகிய பிறகு எஞ்சினை ஓடவிட்டுத் தண்டைக் கவனியுங்கள். அங்கே கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) கசிந்தால் உள்ளே உள்ள சீல் போய்விட்டது. யோசிக்காமல் புதிய வால்வு போடுங்கள். அப்போது வால்வுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் புதிதாக இருக்கட்டும். வால்வு திறந்தும் சூடு இல்லையென்றால் ஹீட்டர் கோர் (ஹீட்டருக்குள் சூடான நீர் ஓடும் சிறு ரேடியேட்டர்) அடைத்திருக்கலாம்.