வெளிநாட்டு வேலை: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: மகன் மெக்கானிக்கல் பி.இ., இரண்டு வருட அனுபவம். சிங்கப்பூர் எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி) வாங்கித் தருகிறேன் என்று ஏஜெண்ட் நாலரை லட்சம் கேட்கிறார். இரண்டு மா நிலத்தை அடகு வைத்து முன்பணம் கொடுக்கலாமா?
(வாசகர், மன்னார்குடி)

பதில்: நிலத்தைத் தொடாதீர்கள். நம் நாட்டில் பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. ஏஜெண்டின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் தேடிப் பாருங்கள். பணத்துக்கு ரசீதும் அதே பெயரில் வர வேண்டும். ‘நான் சப் ஏஜெண்ட், சென்னையில் பெரிய ஆபீஸ் இருக்கிறது’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. எஸ் பாஸை ஏஜெண்ட் ‘வாங்கித் தர’ முடியாது. விண்ணப்பிக்கும் உரிமை அங்குள்ள முதலாளிக்கும் அவர் நியமித்த உரிமம் பெற்ற ஏஜென்சிக்கும்தான். கம்பெனியில் உள்ளூர் ஆட்கள் எத்தனை பேரோ, அதற்கேற்பத்தான் எஸ் பாஸ் கோட்டா. கோட்டா தீர்ந்த கம்பெனியின் பெயரைச் சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டு, ஆறு மாதம் ‘புராசஸ்ல இருக்கு’ என்று இழுப்பார்கள்.

ஐபிஏ, அதாவது வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதம், கையில் வந்ததும் முதலில் தலைப்பைப் படியுங்கள். எஸ் பாஸ் என்று பேசிவிட்டு, அதைவிடக் கீழ்நிலை வேலைக்கான வொர்க் பெர்மிட் ஐபிஏவை நீட்டுவது இந்தத் தொழிலின் பழைய வித்தை. இரண்டுக்கும் சம்பளத்திலும் உரிமையிலும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அடுத்து சம்பளம். 2025 செப்டம்பர் முதல் புதிய எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சம் 3,300 சிங்கப்பூர் டாலர். வயது ஏற ஏற இன்னும் கூடும். ‘பேப்பர்ல 3,300, கைக்கு 1,800’ என்று யாராவது சொன்னால் அது அந்நாட்டில் குற்றம், பையனும் மாட்டிக்கொள்வான். டெஸ்ட் அடித்த சர்டிபிகேட் (தொழில்திறன் தேர்வில் தேறியதற்கான சான்று) கட்டுமான வேலை வொர்க் பெர்மிட்டுக்கானது, எஸ் பாஸுக்குத் தேவையில்லை. அதற்கென்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மார்க்‌ஷீட்டில் பெயர் ‘கவிதா எஸ்’. பாஸ்போர்ட்டில் வெறும் கவிதா. சர்நேம் கட்டம் காலி. துபாய் வேலைக்கு இடைஞ்சல் வருமா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: வரும். இனிஷியல் என்பது நமக்குத்தான் பெயரின் பாதி. அவர்கள் கம்ப்யூட்டருக்கு அது வெறும் எழுத்து. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. நேர்காணலுக்கென்று விசிட்டில் போகிறவர்கள் அங்கேதான் சிக்குகிறார்கள்.

அப்பா பெயரை சர்நேம் கட்டத்தில் போட்டு மறுவெளியீட்டுக்கு விண்ணப்பியுங்கள். சாதாரண முறையில் 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தஞ்சாவூர் சேவா கேந்திரத்திலேயே முடித்துவிடலாம். கையோடு, சான்றிதழில் உள்ள ‘கவிதா எஸ்’ஸும் பாஸ்போர்ட்டில் உள்ளவரும் ஒருவரே என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்று எடுத்து வையுங்கள். சான்றிதழ் அட்டஸ்டேஷனுக்கு (அதிகாரிகளின் சான்றொப்பம் வாங்குவதற்கு) முன்பே இதை முடிப்பது நல்லது. பிறகு செய்தால் பாஸ்போர்ட் எண் மாறி, கொடுத்த விண்ணப்பங்களையெல்லாம் திருத்தி அலைய வேண்டியிருக்கும்.

கேள்வி: 2011இல் முடித்தேன். டிகிரியில் அண்ணா பல்கலைக்கழகம் திருச்சிராப்பள்ளி என்று இருக்கிறது. டிரான்ஸ்கிரிப்ட் (பல்கலைக்கழகம் தரும் முழு மதிப்பெண் பதிவு) எங்கே வாங்குவது?
(வாசகர், திருவாரூர்)

பதில்: கிண்டியில். 2007இல் தனியாகப் பிரிந்த அந்தப் பல்கலைக்கழகம் 2012இல் மீண்டும் அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துவிட்டது. டிகிரியில் ஒரு பெயர், டிரான்ஸ்கிரிப்ட் உறையில் இன்னொரு பெயர் என்று வெளிநாட்டில் டிகிரியைச் சரிபார்க்கும் மதிப்பீட்டாளர் கேள்வி கேட்கக்கூடும். இணைப்பு விவரத்தை நாலு வரியில் எழுதிக் கூடவே அனுப்புங்கள். 2001க்கு முன் இந்தப் பக்கக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களுக்குப் பாரதிதாசன் பல்கலைக்கழகம்.

கேள்வி: சிவில், ஆறு வருடமாகப் பாசனக் கட்டுமான கான்ட்ராக்டரிடம் வேலை. ஆஸ்திரேலியாவுக்கு சி.டி.ஆர். (பொறியாளர் தன் திறமையை விளக்கி எழுதும் அறிக்கை) ரெடிமேடாக 25,000 ரூபாய்க்குக் கிடைக்கிறதாம். வாங்கலாமா?
(வாசகர், மயிலாடுதுறை)

பதில்: வேண்டாம். அங்கே பொறியாளர் தகுதியை மதிப்பிடும் எஞ்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா ஒவ்வொரு அறிக்கையையும் நகல் சோதனைக்கு உட்படுத்துகிறது. பிடிபட்டால் நிராகரிப்பதோடு சில காலம் மறுபடி விண்ணப்பிக்கவும் தடை விழும். பொறியியல் படிப்புகளை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014இலேயே சேர்ந்துவிட்டதே என்பார்கள். அது தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ.வின் டயர் 1 அங்கீகாரம் தங்கள் படிப்புக்கு இருந்தபோது படித்தவர்களுக்குத்தான் உதவும். மற்றவர்களுக்கு சி.டி.ஆர்.தான் வழி.

சி.டி.ஆரில் மூன்று கேரியர் எபிசோட் (நீங்கள் செய்த வேலை பற்றிய கட்டுரை), ஒவ்வொன்றும் 1,000 முதல் 2,500 வார்த்தை. ‘மதகு கட்டப்பட்டது’, ‘எங்கள் குழு செய்தது’ என்று எழுதினால் மதிப்பில்லை. ‘நான்’ என்று எழுத வேண்டும். ஒரு ரெகுலேட்டர் (நீரொழுங்கி) வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் மணல்; தண்ணீர் கீழ்ப்புறம் ஊற்றெடுத்து மணலை அரிக்காமலிருக்க எக்சிட் கிரேடியண்ட் கணக்கிட்டீர்களா? மண்ணுக்குள் இறக்கும் ஷீட் பைல் தகடு எத்தனை மீட்டர், ஏன் அத்தனை? தளம் போடும்போது குழியில் ஊறிய நீரை எத்தனை பம்பு வைத்து இறைத்தீர்கள், முதல் ஏற்பாடு எங்கே தோற்றது? இதை வேறு யாரும் உங்களுக்காக எழுதிவிட முடியாது. பத்திகளுக்கு 1.1, 1.2 என்று எண் கொடுங்கள். சம்மரி ஸ்டேட்மெண்ட்டில் அந்த எண்களைத்தான் காட்ட வேண்டும். ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ். நான்கு பிரிவிலும் தலா 6 வேண்டும்.

கேள்வி: ஜெர்மனி ப்ளூ கார்டுக்கு (பட்டதாரிகளுக்கான வேலை, தங்கும் அனுமதி) ஜெர்மன் மொழி கட்டாயமா?
(வாசகர், பட்டுக்கோட்டை)

பதில்: சட்டப்படி இல்லை, வேலை கொடுப்பவர் கேட்பார். பொறியாளர்களுக்கான சம்பள வரம்பு 2025இல் ஆண்டுக்கு 43,759.80 யூரோ, ஆண்டுதோறும் மாறும். வெளிநாட்டுப் பட்டங்களின் மதிப்பைக் காட்டும் ஜெர்மனியின் அனபின் தளத்தில் தேடும்போது கல்லூரிப் பெயரைப் போடாதீர்கள். டிகிரி கொடுத்த பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டு, பக்கத்தில் எச் பிளஸ் (அங்கீகரிக்கப்பட்டது என்பதற்கான குறி) இருக்கிறதா என்று பாருங்கள். பி1 (இடைநிலை) ஜெர்மன் இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம்; ஏ1 (தொடக்கநிலை) மட்டும் என்றால் 27 மாதம்.