பினாங்கில் கப்பல் நிற்கும் ஒரு பகல்: கேள்வி பதில்

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் மூன்று, நான்கு நாள் உல்லாசக் கப்பல்களில் பல, ஒரு பகல் மலேசியாவின் பினாங்குத் தீவில் நிற்கின்றன. நான் அப்படி நான்கு முறை இறங்கிச் சுற்றியிருக்கிறேன். முதல் தடவை போகிறவர்கள் கேட்டவற்றுக்கு, தெரிந்ததைச் சொல்கிறேன்.

கப்பல்காரர்கள் விற்கும் சுற்றுலாவையே வாங்க வேண்டுமா, நாமாகவே இறங்கிப் போகலாமா?

பினாங்கில் நீங்களாகவே போகலாம். கப்பல் வந்து நிற்கும் துறையான ஸ்வெட்டன்ஹாம் பியர், பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனை ஒட்டியே இருக்கிறது. வாசலைத் தாண்டினால் ஊர்தான். தூரமான இடங்களுக்குப் போவதென்றால் கப்பல் சுற்றுலாவில் ஒரு நிம்மதி உண்டு: அவர்கள் வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவருக்காகக் காத்திருக்காது.

அப்பா அம்மாவுடன் வருகிறேன். ஆறு மணி நேரம்தான் கிடைக்கும். பினாங்கு மலை, கேக் லோக் சி கோயில், தண்ணீர்மலை முருகன் கோயில் மூன்றையும் பார்த்துவிட முடியுமா, அண்ணா?

வேண்டாம் தம்பி. மலை ரயிலுக்கு வரிசை நீண்டுவிட்டால் பாதிப் பகல் அங்கேயே போய்விடும். தண்ணீர்மலையில் 500 படிக்கு மேல் ஏற வேண்டும். பெரியவர்களை அந்த வெயிலில் ஏற்றாதீர்கள். ஒரு முறை நானும் மலைக்குப் போனேன். இறங்கும்போது நல்ல மழை, வழியெல்லாம் வண்டி நெரிசல். கப்பலுக்கு ஓடிவந்து சேர்ந்ததுதான் நினைவிருக்கிறது, மலை நினைவில்லை.

அதற்குப் பதில் ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே நடங்கள். 2008-ல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்த ஊர் இது. அதில் நம்மவர்கள் கட்டிய பகுதி துறைமுகத்திலிருந்து கால் மணி நேர நடைக்குள் இருக்கிறது. குவீன் ஸ்ட்ரீட்டில் 1833-ஐச் சேர்ந்த ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் முதலில் அங்கே போங்கள். பக்கத்திலேயே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1801 வாக்கில் தமிழ் முஸ்லிம் வணிகர்களின் தலைவர் காதர் முகைதீன் எழுப்பியது. சூலியா ஸ்ட்ரீட்டில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா இருக்கிறது. நாகையிலிருந்தும் நாகூரிலிருந்தும் பாய்மரக் கப்பலில் வந்து இறங்கியவர்கள், ஊர் நினைவாகக் கட்டியது. அதன் முன்னால் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நம் ஆட்கள் பலர் இதைப் பார்க்காமலே சுவர் ஓவியத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவது வருத்தமாக இருக்கிறது.

சுவர் ஓவியங்கள் பார்க்கத் தகுந்தவை இல்லையா?

தகுந்தவைதான். ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் சைக்கிளில் இரு குழந்தைகள் போகும் ஓவியம் 2012-ல் வரைந்தது. சைக்கிள் நிஜம், குழந்தைகள் சுவரில். நேரம் மிச்சமிருந்தால் கடலுக்குள் கால் நட்டு நிற்கும் சியூ ஜெட்டி வீடுகளையும் பாருங்கள். இன்றும் குடும்பங்கள் வாழும் இடம், ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

சாப்பாடு? நாங்கள் சைவம்.

மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கம் லிட்டில் இந்தியாவில் இட்லி, தோசை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் கிடைக்கும். அசைவம் சாப்பிடுகிறவர்கள் நாசி கண்டாரை விட்டுவிடாதீர்கள். தமிழ் முஸ்லிம்கள் காவடி போலத் தோளில் சுமந்து விற்ற சோறு அது. 'கண்டார்' என்பது அந்தச் சுமை கம்பு. குழம்பை 'பாஞ்சிர்' என்று சொல்லிக் கேட்டால் தட்டு நிறைய ஊற்றுவார்கள். கொஞ்சம் ரிங்கிட் ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட். விசா விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பலரும் கோட்டை விடுவது சிங்கப்பூர் விசாவில். கப்பல் திரும்பி வரும்போது நீங்கள் மறுபடியும் சிங்கப்பூருக்குள் நுழைகிறீர்கள். ஒரு முறை மட்டும் நுழையும் விசா போதாது. மலேசிய விதி அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்?

கப்பல் புறப்படும் நேரம் வேறு, எல்லோரும் ஏறியாக வேண்டிய நேரம் வேறு. இரண்டாவதுதான் உங்கள் கணக்கு. அதற்கும் ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள். கடிகாரத்தில் கப்பல் நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கும் சிங்கப்பூரும் ஒரே நேரம், குழப்பமில்லை. ஆனால் அதே பயணத்தில் புக்கெட்டும் இருந்தால் அங்கே ஒரு மணி நேரம் பின்னால். கைப்பேசி தானாக மாறி உங்களை ஏமாற்றிவிடும். அறை அட்டையை மறக்காதீர்கள், அது இல்லாமல் மறுபடி ஏறுவது பாடு.

இணையம் இல்லாமல் போனால் துறைமுகத்துக்கு வழி கண்டுபிடிப்பது எப்படி?

விக்டோரியா மணிக்கூண்டைக் கேளுங்கள். ராணியின் 60 ஆண்டு ஆட்சிக்காக 60 அடியில் கட்டியது. போர்க்காலக் குண்டுவீச்சுக்குப் பின் சற்றுச் சாய்ந்து நிற்கிறது. துறைமுகம் அதற்கு எதிரேதான். லிட்டில் இந்தியாவில் நிற்கிறீர்களென்றால் தமிழிலேயே கேளுங்கள், வழி சொல்லிவிடுவார்கள்.