அவர் என்னைத்தான் மதிக்கவில்லையா?

கேள்வி: புறக்கோட்டையில் மொத்தப் புடைவைக் கடையொன்றில் களஞ்சியப் பொறுப்பாளராகி மூன்று மாதம். என்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஓர் அண்ணர் வணக்கம் சொன்னாலும் நிமிர்வதில்லை. வேலை சொன்னால் "ம்" மட்டும்தான். திங்கட்கிழமைகளில் பிந்தி வருகிறார். என்னை அவமதிக்கவே இப்படிச் செய்கிறாரா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: நிமிரவில்லை, "ம்" என்றார், பிந்தினார். இவை நீங்கள் கண்டவை. "அவமதிக்கவே" என்பது நீங்களாகச் சேர்த்தது. நாம் பிந்தினால் பஸ்ஸில் பழி போடுவோம், அடுத்தவர் பிந்தினால் அவர் குணத்தில். இந்தச் சறுக்கலுக்கு உளவியலாளர் லீ ரொஸ் 1977இல் பெயரே வைத்துவிட்டார்: அடிப்படைக் காரணங்கற்பிப்புப் பிழை.

ஒரு மாதம் கொப்பி வையுங்கள். இடப்பக்கம் கமராவில் பதியக்கூடியது மட்டும்: நாள், நேரம், பக்கத்தில் யார். வலப்பக்கம் உங்களுக்குத் தோன்றிய காரணம். "முறைத்தார்" இடப்பக்கத்துக்கு ஆகாது. "பதில் சொல்லாமல் பொதி கட்டப் போனார்" ஆகும். பிறகு பாருங்கள். முதலாளிக்கும் "ம்" தானா? ஞாயிறு ஊருக்குப் போய் இரவு பஸ்ஸில் திரும்புகிறாரா? ஓட்டி (OT, மேலதிக நேர வேலை) கணக்கையும் கட்டாயம் பாருங்கள். கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வாரம் 45 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு சம்பளம். அது ஒழுங்காகக் கிடைக்காத இடத்தில் கோபம் முதலாளியிடம் போகாது, கிட்ட நிற்கும் பொறுப்பாளர் தலையில்தான் விழும்.

உங்களிடம் மட்டும்தான் அப்படி என்றால், அந்தப் பதவியை அவர் எதிர்பார்த்திருக்கலாம். அந்தக் கதிரையில் யார் இருந்தாலும் அதே "ம்" தான்.

பேசுவதென்றால் லொறி இறக்கும் நேரத்தில் வேண்டாம், பொடியன்கள் முன்னாலும் வேண்டாம். "ஏன் என்னை மதிக்கிறீங்கள் இல்லை?" என்று தொடங்கினால் "அப்படி ஒன்றுமில்லை" என்பார், கதை முடிந்துவிடும். "அண்ணை, இந்த மாதம் மூன்று திங்கள் ஒன்பதரைக்குத்தான் வந்தீங்கள். என்ன சிக்கல்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பலர் கெடுப்பது இங்கேதான்; அவர் வாய் திறக்குமுன் தாங்களே காரணமும் சொல்லி மன்னிப்பும் கொடுத்துவிடுவார்கள்.

வணக்கத்தை விட்டுவிடுங்கள், அதனால் ஒரு பொதியும் குறையாது. பிந்துவதை விடாதீர்கள். திங்களில் எத்தனை மணிக்கு வருவார் என்று அவர் வாயாலேயே சொல்லவைத்து, அவர் முன்னாலேயே கொப்பியில் எழுதுங்கள். நாலு திங்கட்கிழமை கழித்து இருவருமாக அதே பக்கத்தைப் பாருங்கள்.