மேல்மாடி கேட்டு வந்த குடும்பம்

அன்புள்ள ஐயா,

முஸ்லிம்களையும் பயங்கரவாதத்தையும் செய்தி ஊடகங்கள் முடிச்சுப் போடுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். நான் முப்பது வருடமாகப் பேப்பர் படிப்பவன். போலீஸ் யாரைப் பிடிக்கிறதோ அவர்களைப் பற்றித்தான் போடுகிறார்கள். கோவையும் மும்பையும் நடக்கவில்லையா? போன மாதம் எங்கள் மேல்மாடியை ஒரு முஸ்லிம் குடும்பம் வாடகைக்குக் கேட்டு வந்தது. வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை, திருப்பி அனுப்பிவிட்டோம். செய்தி படிக்கிறவன் பயப்படுவது தப்பா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

மேல்மாடி விஷயத்தையும் மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. 1998-ல் கோவையில் குண்டுகள் வெடித்து 58 பேர் செத்தார்கள். 2008-ல் மும்பையில் நடந்ததை நாடே பார்த்தது. இரண்டையும் நான் மறுக்கவில்லை. போலீஸ் சொன்னதைத்தான் போடுகிறார்கள் என்கிறீர்களே, என் வருத்தமே அதில்தான்.

ஹைதராபாத் மெக்கா மசூதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2007 மே 18, வெள்ளிக்கிழமை. தொழுகைக்குக் கூடிய கூட்டத்தில் குண்டு வெடித்து 9 பேர் இறந்தார்கள். வெளியே கொதித்தெழுந்தவர்கள்மீது போலீஸ் சுட்டதில் இன்னும் 5 பேர். செத்தவர்கள் தொழ வந்தவர்கள், பிறகு அள்ளிக்கொண்டு போகப்பட்டவர்களும் அதே ஊர் முஸ்லிம் இளைஞர்கள்தான். வங்கதேசத்தில் இயங்கிய ஓர் இயக்கத்தின் பெயர் உடனே செய்திகளில் வந்துவிட்டது. சித்திரவதை செய்தார்கள், மின்சாரம் பாய்ச்சினார்கள் என்று பிடிபட்டவர்கள் சொன்னார்கள். அவர்கள்மீது போட்ட வழக்குகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2010-ல் சி.பி.ஐ. இந்துத்துவ அமைப்புகளைச் சேர்ந்தவர்களைக் கைது செய்தது. 2018-ல் அவர்களும் விடுதலையானார்கள். அந்த 9 பேரைக் கொன்றது யார் என்று இன்றுவரை எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை.

2012-ல் ஆந்திர அரசு அந்த இளைஞர்களில் 70 பேருக்கு இழப்பீடும் நன்னடத்தைச் சான்றிதழும் கொடுத்தது. மறு வருடமே உயர்நீதிமன்றம் இழப்பீடு செல்லாது என்றது. அந்தச் சான்றிதழை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வேலை கேட்டுப் போகும் இடத்தில், வீடு கேட்டுப் போகும் இடத்தில், நான் பயங்கரவாதி இல்லை என்று ஒருவன் தாளை எடுத்து நீட்ட வேண்டியிருக்கிறது. தலைப்புச் செய்தி அவனுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

நம் தமிழ்ச் செய்திகளைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். 'தொடர்பு இருப்பதாகக் கூறப்படுகிறது' என்று உள்ளே இருக்கும். தலைப்பிலோ 'பயங்கரவாதி சிக்கினான்'. மரியாதை விகுதி முதல் நாளே போய்விடுகிறது. அப்புறம் 'மூளையாகச் செயல்பட்டவன்', 'ஸ்லீப்பர் செல்', 'உளவுத்துறை வட்டாரங்கள்'. இந்த வட்டாரத்துக்குப் பெயர் கிடையாது, அதனால் பொய்யென்று தெரிந்த பிறகும் யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

2002-ல் குஜராத்தில் நடந்த அக்‌ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் 6 பேரையும் உச்சநீதிமன்றம் விடுவித்தது. அதில் மூன்று பேர் தூக்குத்தண்டனைக் கைதிகள். உண்மைக் குற்றவாளிகளை விட்டுவிட்டு அப்பாவிகளைப் பிடித்து வழக்குப் போட்டதாக நீதிபதிகள் கடிந்துகொண்டார்கள். தீர்ப்பு வந்தது 2014 மே 16. நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்த அதே நாள். அன்று யார் கண்ணில் பட்டிருக்கும் அது? சரி, அன்றைக்கு இடமில்லை என்றே வைத்துக்கொள்வோம். மறுநாள்? அதற்கடுத்த வாரம்? கைதை முதல் பக்கத்தில் போட்ட பத்திரிகைக்கு விடுதலையையும் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் போடும் கடமை உண்டு.

நடப்பதைத்தான் போடுகிறார்கள் என்பதற்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. அமெரிக்காவில் 2006 முதல் 2015 வரை நடந்த பயங்கரவாதத் தாக்குதல்களை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். முஸ்லிம்கள் செய்தவற்றுக்கு மற்றவற்றைவிடச் சராசரியாக 357 விழுக்காடு அதிகச் செய்தி வந்திருந்தது. ஒன்றை நாலு மடங்குக்கு மேல் பார்க்கிற மனதில் பயம் வராமல் என்ன செய்யும்? உங்கள் பயத்தை நான் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயத்தை நம்பி ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பினீர்களே, அது தப்பு.

நமக்கு இது தெரியாததா? 1991-க்குப் பிறகு சென்னையில் இலங்கைத் தமிழ் பேசினாலே வீடு கிடைக்காது. ராஜீவ் கொலை வழக்கில் 1998-ல் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. மறு வருடம் உச்சநீதிமன்றம் அதில் 19 பேரை விடுவித்தது. நடுவில் அந்த 19 பேரையும் கொலைகாரர்கள் என்றுதானே நாமும் பேப்பரில் படித்தோம்? அன்று வீடு மறுக்கப்பட்ட ஈழத்துக் குடும்பங்களின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கையில் குழந்தையோடு வாசலில் நின்று, 'நாங்கள் அப்பிடியான ஆட்கள் இல்லை' என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மேல்மாடி இன்னும் காலியாக இருந்தால் அந்தக் குடும்பத்தைத் தேடிப் பிடியுங்கள். வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள். வேறு வீடு பார்த்துவிட்டார்கள் என்றாலும் பரவாயில்லை, போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

அன்புடன்