ஊர் மதிக்கும் மனிதர் புகைபிடித்தால்

ஆசிரியர், மருத்துவர், சமயத் தலைவர் போன்றோர் புகைபிடிப்பதைக் கன்னியாகுமரி மாவட்ட மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கல்குளம் வட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் சொல்வதானால், பார்த்தும் பாராதவர்களாக இருந்துவிடுகிறார்கள். புகைப்பவரும் அந்தச் சலுகையை எதிர்பார்த்தே ஒதுங்கி நிற்கிறார். இருதரப்பும் சேர்ந்து காக்கும் இந்த மௌனத்தைத்தான் நான் பெரிய கேடாகக் கருதுகிறேன்.

எங்கள் பக்கத்து முறுக்கான் (வெற்றிலை பாக்கு) கடைகளில் முன்பெல்லாம் பீடி பற்றவைப்பதற்கென்றே ஒரு கயிறு புகைந்தபடி தொங்கும். அங்கே நிற்கும் இளைஞன், தொலைவில் ஆசிரியரைக் கண்டதும் "சார் வாறாரு" என்று முணுமுணுத்து, கங்கு உள்ளங்கைப் பக்கம் இருக்கும்படி பீடியை மறைத்துக்கொள்வான். அதே ஆசிரியர் மாலையில் கடையின் பின்சுவரோரம் நின்று சிகரெட்டை முடித்து, வாடை தெரியாமலிருக்க இரண்டு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டு வீடு திரும்புவார். இதை மரியாதை என்றே ஊரில் எல்லோரும் சொல்லி வந்தோம். அந்த இளைஞன் அதிலிருந்து கற்றதோ, வயதும் வேலையும் வந்துவிட்டால் மறைவாகப் புகைத்துக்கொள்ளலாம் என்பதுதான்.

சமய அமைப்புகள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. நாகர்கோவிலில் கேத்தரின் பூத் மருத்துவமனையை நடத்தும் இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பில், 'சேனை வீரர்' எனப்படும் உறுப்பினராகச் சேருபவர் புகையிலையைத் தொடுவதில்லை என்று உறுதிமொழி எடுத்தாக வேண்டும். ஆனால் பொதுவாக நம் மேடைகளிலும் பிரசங்கங்களிலும் மதுவுக்கு எதிராகச் செலவாகும் நேரத்தில் பாதிகூடப் புகையிலைக்குக் கிடைப்பதில்லை என்பது என் எண்ணம்.

மருத்துவர்கள் விஷயத்தில் பிரிட்டனின் அனுபவம் கவனிக்கத்தக்கது. ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் என்ற ஆய்வாளர்கள் 1951இல் அந்நாட்டு மருத்துவர்களிடமே அவர்களுடைய புகைப்பழக்கத்தைக் கேட்டுப் பதிவுசெய்து தொடங்கிய ஆய்வு, 50 ஆண்டுகள் நீடித்து, தொடர்ந்து புகைபிடித்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாகச் சுமார் 10 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்று காட்டியது. அந்த முடிவு 2004இல் வெளிவருவதற்கு வெகுகாலம் முன்பே அங்குள்ள மருத்துவர்களில் பெரும்பாலோர் பழக்கத்தைக் கைவிட்டிருந்தார்கள். பொதுமக்கள் அவர்களுக்குப் பின்னால்தான் வந்தார்கள். புகைபிடிக்கும் மருத்துவர் தம் நோயாளியிடம் அதை விடச்சொல்லத் தயங்குகிறார் என்பதும் பல நாடுகளின் ஆய்வுகளில் தெரியவந்த உண்மை. தயக்கம் இயல்பானதே, இழப்பு என்னவோ நோயாளிக்கு.

ஆகவே, பழக்கத்தில் சிக்கிய ஆசிரியரை ஊர் இகழ வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நிக்கோட்டின் படித்தவரையும் விடுவதில்லை. "என்னால் விட முடியவில்லை, நீங்கள் தொடங்கிவிடாதீர்கள்" என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நேரடியாகச் சொல்லிவிட்டு, அரசு மருத்துவமனையில் ஆலோசனைக்குப் போகும் ஒருவர், மறைத்தே ஓய்வுபெறும் பலரைவிட மேலானவர்.

சட்டத்தை நம்பலாமே என்று சிலர் கேட்கக்கூடும். 2008 அக்டோபர் 2 முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி பொது இடத்தில் புகைப்பவருக்கு 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. பள்ளிக்குள் அதை விதிக்கும் அதிகாரம் தலைமை ஆசிரியருக்கே தரப்பட்டிருக்கிறது. தம்முடன் பணிபுரியும் ஒருவரிடம் அந்த ரசீதை நீட்டிய தலைமை ஆசிரியரை நான் இதுவரை கண்டதில்லை.