வந்தவாசிப் போரை ஆறடி மேஜையில் அடக்குவது எப்படி?

கேள்வி: எங்கள் வாசகர் வட்டம் ஜனவரியில் நூலகத்தில் இரண்டு நாள் கண்காட்சி வைக்கிறது. 1760 வந்தவாசிப் போரைச் சின்னப் பொம்மை வீரர்களை வைத்து, பார்க்க வருபவர்களே ஆடும் போர் விளையாட்டாகச் செய்ய ஆசை. ஆறுக்கு நாலு அடி மேஜை இருக்கிறது, நான்கு மாத அவகாசம் இருக்கிறது, பணம் அதிகம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பொம்மை வாங்குவதிலிருந்து தொடங்காதீர்கள். எல்லோரும் செய்யும் தவறு அது. கண்காட்சிக்கு வருபவர் உங்கள் மேஜை முன்னால் ஐந்து நிமிடம் நின்றால் பெரிய விஷயம். அந்த ஐந்து நிமிடத்தில் அவர் கையில் எந்த முடிவைக் கொடுக்கப்போகிறீர்கள்? அதை முதலில் தீர்மானியுங்கள். பொம்மை, அளவு, விதி எல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

வந்தவாசியில் அந்த முடிவு தயாராகவே இருக்கிறது. 1760 ஜனவரி 22. கோட்டையை முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சுத் தளபதி லாலியை எதிர்த்து ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் வந்து நிற்கிறார். பிரெஞ்சு வலப்புறத்திலிருந்து லொரேன் படைப்பிரிவு, முன்வரிசையில் பன்னிரண்டே பேர் கொண்ட நீண்ட பத்தியாக, கூட்டின் சொந்தப் படைப்பிரிவை நோக்கி ஓடிவருகிறது. எதிரே மெல்லிய நீள வரிசை. எப்போது சுடுவது? சீக்கிரம் சுட்டால் குண்டு வீண். மறுபடி மருந்து கெட்டிக்க நேரம் இருக்காது. கூட்டின் ஆட்கள் ஏறத்தாழ ஐம்பது கஜம் வரை பொறுத்தார்கள். அப்படியும் பத்தி வந்த வேகத்தில் வரிசையைக் கிழித்துக்கொண்டு உள்ளே புகுந்தது. ஆனால் இரு பக்கமும் மிச்சமிருந்தவர்கள் பக்கவாட்டில் பாய்ந்து துப்பாக்கி முனைக் கத்தியால் குத்த, சில நிமிடத்தில் லொரேன் சிதறி ஓடியது.

இதை ஒரு பத்து வயதுப் பையனிடம் கொடுத்துப் பாருங்கள். பத்தி பத்து சென்டிமீட்டரில் இருக்கும்போதே சுட்டால் பகடையில் ஆறு விழ வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் வரை பொறுத்தால் நாலு விழுந்தாலே போதும். ஆனால் பொறுத்திருக்க, முதலில் 'தைரியப் பகடை' ஒன்று போட வேண்டும். ஒன்று விழுந்தால் வரிசை கலைந்துவிடும். விதி அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் முடியும், அடுத்தவர் வரலாம்.

இப்போது அளவு. மேஜையில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் பத்து மீட்டர் என்று வையுங்கள். உங்கள் மேஜை 1.8 கிலோமீட்டருக்கு 1.2 கிலோமீட்டர் ஆகிறது, போருக்குப் போதும். 15 மில்லிமீட்டர் உயரப் பொம்மை, ஒன்றுக்கு ஐம்பது வீரர் என்று கணக்கு. அறுநூறு பேர் மூன்று வரிசையாக நின்றால் உண்மையில் சுமார் 110 மீட்டர் அகலம், மேஜையில் 11 சென்டிமீட்டர். பன்னிரண்டு பொம்மைகளை நாலு நாலாக நாலு சென்டிமீட்டர் அட்டையில் ஒட்டினால் 12 சென்டிமீட்டர். கிட்டத்தட்டப் பொருந்திப் போகிறது. 28 மில்லிமீட்டர் பொம்மை கண்ணுக்கு அழகுதான், ஆனால் இந்த மேஜையில் கல்யாணப் பந்தி மாதிரி நெரியும்.

படை எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறும். தோராயமாக ஆங்கிலேயர் பக்கம் 1,900 ஐரோப்பியர், 2,100 சிப்பாய்கள் (ஐரோப்பியரிடம் பணிபுரிந்த இந்திய வீரர்கள்), 1,250 குதிரைப்படை. பிரெஞ்சுப் பக்கம் 2,250 ஐரோப்பியர், 1,300 சிப்பாய்கள், 300 ஐரோப்பியக் குதிரைப்படை. ஐம்பதால் வகுத்தால் 182 பொம்மை. லாலிக்குத் துணையாக வந்த 3,000 மராத்தியக் குதிரை வீரர்கள் சண்டையில் கலந்துகொள்ளவில்லை. ஆகவே அறுபது வேண்டாம். மேஜை ஓரத்தில் ஒரு டஜன் நிறுத்துங்கள். ஆனால் கட்டாயம் நிறுத்துங்கள். அவர்கள் ஏன் சும்மா நிற்கிறார்கள் என்று யாராவது கேட்பார்கள், நல்ல பேச்சு அங்கே பிறக்கும். பொம்மைக்குப் பதினைந்து நிமிடம் வர்ணவேலை என்றால் நான்கு பேர், நான்கு ஞாயிறு, தலா மூன்று மணி நேரம். உலோகப் பொம்மையை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரி கையைக் கடிக்கும். முப்பரிமாண அச்சு எடுப்பவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் முன்னும் பின்னும் அச்சடித்த அட்டை வீரர்களே போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வர்ணத்தில் ஒரு பொறி. 'ஆங்கிலேயர் சிவப்பு, பிரெஞ்சுக்காரர் வெள்ளை' என்று பூசிவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். லாலியின் சொந்தப் படைப்பிரிவு பிரெஞ்சு மன்னருக்காகச் சண்டையிட்ட ஐரிஷ் படை. சிவப்புக் கோட்டு, பச்சை மடிப்பு. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஆங்கிலப் படை மாதிரியே தெரியும். கொடியைக் கொஞ்சம் பெரிதாகச் செய்யுங்கள், அட்டையின் பின் விளிம்பில் பச்சை பூசுங்கள்.

தரை அமைப்பில் கோட்டையை மேஜைமேல் திணிக்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள், ஆனால் சண்டை நடந்தது வெளியில். கோட்டையைப் பின்னணிப் பலகையில் வரைந்துவிடுங்கள். மேஜைக்கு வேண்டியது ஏரிக்கரை. பிரெஞ்சு இடப்புறம் ஒரு நீர்நிலையின் கரையில் பீரங்கி வைத்து அரண் செய்திருந்தது. தெர்மோகோலை வாழைக்காய்ச் சீவல் மாதிரி சரிவாக அறுத்து, சலித்த மண்ணை ஃபெவிகாலில் குழைத்துப் பூசினால் கரை வந்துவிடும். காய்ந்த பிறகு மரத்தூளில் பச்சை கலந்து தூவுங்கள். ஸ்பிரே பெயின்ட்டை நேராகத் தெர்மோகோலில் அடிக்காதீர்கள். அது கரைந்து குழிவிழும். ஒரு முறை இப்படித்தான் என் மலை ஒரே ராத்திரியில் பள்ளத்தாக்கானது.

அந்த ஏரிக்கரையில்தான் போரின் இரண்டாவது திருப்பம். வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்துச் சுமார் எண்பது பேர் விழுந்தார்கள். அந்தக் குழப்பத்தில் ஆங்கிலேயர் பக்கத்து டிரேப்பரின் படைப்பிரிவு அரணைப் பிடித்தது. அந்தப் படைப்பிரிவை நடத்திவந்த மேஜர் பிரெரட்டன் அங்கே படுகாயம்பட்டு வீழ்ந்தார். நிலைமையை மீட்கப் பார்த்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிறைப்பட்டார். விளையாட்டில் இந்த வெடிப்பைக் கட்டாயமாக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகடை, ஆறு விழுந்தால் மட்டும் வெடிப்பு. வெடிக்காமலே போன ஆட்டத்தில் லாலி ஜெயித்தால் ஜெயிக்கட்டும். அந்த வண்டி வெடித்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று வந்தவர் வீட்டுக்குப் போகும்போதும் யோசிப்பார். கறுப்புச் சாயம் போட்ட பஞ்சு ஒரு உருண்டை தயாராக வைத்திருங்கள். குழந்தைகள் அதற்காகவே திரும்ப வரும்.

இன்னொன்று. வில்லியம் சைபோர்ன் என்ற ஆங்கில அதிகாரி, நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர்க்களத்தில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்து, பல்லாயிரக்கணக்கான சின்ன உலோக வீரர்களை வைத்து ஒரு பிரம்மாண்ட மாதிரியைச் செய்தார். 1838இல் அது லண்டனில் காட்சிக்கு வந்தது. அவருக்கு மிஞ்சியது கடன். அதைவிடப் பெரிய தலைவலி, மாலை ஏழு மணி வாக்கில் ஆங்கிலேயருக்குத் துணைவந்த பிரஷ்யப் படைகள் களத்தில் எங்கே நின்றன என்ற சண்டை. அந்தப் போரின் ஆங்கிலேயத் தளபதி வெலிங்டன் தரப்புக்கு அவர் காட்டியது பிடிக்கவில்லை. பொம்மையை எங்கே வைக்கிறோம் என்பதே ஒரு வாதம்தான். உங்கள் மேஜையில் அந்தச் சச்சரவு சிப்பாய்களைப் பற்றி வரும். இரண்டு பக்கமும் சிப்பாய்கள் நின்றார்கள், பெரும்பாலும் கைகலப்புக்கு வெளியே. விளக்க அட்டையில் அதை அப்படியே எழுதுங்கள். 'நாம்', 'அவர்கள்' என்ற சொற்கள் அட்டையில் வேண்டாம்.

தூரம் அளக்க டேப் கொடுத்தால் மேஜை கலைந்துவிடும். ஈர்க்குச்சியை நறுக்கி வர்ணம் பூசுங்கள்: துப்பாக்கிக்குச் சிவப்பு, பத்து சென்டிமீட்டர், பீரங்கிக்குக் கறுப்பு, அறுபது. பகடை போடத் தனித் தட்டு வையுங்கள். நடுவராக ஒருவர் எப்போதும் மேஜை அருகில் நிற்கட்டும், சாப்பாட்டு நேரத்திலும்தான்.

தரைப் பலகையை மூன்றுக்கு நாலு அடியாக இரண்டு துண்டாகச் செய்யுங்கள். ஒரே பலகையாகச் செய்துகொண்டு போய், கண்காட்சி அன்று காலை அது வாசலில் நுழையாமல் தாழ்வாரத்தில் வைத்து ரம்பத்தால் அறுத்தவன் நான். நூலகக் கதவின் அகலத்தை இந்த வாரமே போய் அளந்து வாருங்கள்.