மேசையைக் கவிழ்த்துப் பாருங்க

இந்த மாசம் வந்த கேள்விகள்ல முக்கால்வாசி இங்கிலாந்துல குடியிருக்கற நம்மாளுங்க அனுப்பினது. எல்லாமே 1900லேர்ந்து 1940கள் வரைக்கும் அங்க செஞ்ச மரச்சாமான், பாத்திரம், அலங்காரப் பொருள் பத்தித்தான். அதனால வேற எதையும் கலக்காம இந்த ஒரு விஷயத்தையே எடுத்துக்கிட்டேன்.

லெஸ்டர் வாசகர்: சாரிட்டி ஷாப்ல ஒரு ஓக் செஸ்ட் ஆஃப் டிராயர்ஸ் கெடைச்சுது சார். மேல் டிராயர் உள்ள வட்டமா ஒரு சின்ன வெள்ளைத் தகடு, 'ஹீல் அண்ட் சன், லண்டன் டபிள்யூ'ன்னு இருக்கு. எவ்வளவு பழசு இது? சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்ச்சுட்டு வார்னிஷ் அடிக்கலாம்னு இருக்கேன்.

மொதல்ல அந்த சாண்ட் பேப்பரைக் கீழ வைங்க.

தகட்டுல 'டபிள்யூ'வுக்கு அப்புறம் நம்பர் இருக்கா இல்லையான்னு இன்னொரு தடவை நல்லா பாருங்க. 'டபிள்யூ'ன்னா லண்டனோட மேற்குத் தபால் வட்டாரம், அந்த வட்டாரங்களுக்கு 1, 2ன்னு நம்பர் கொடுத்தது 1917லதான். வெறும் டபிள்யூவோட நின்னுட்டா அந்தத் தகடு அதுக்கு முந்தினது, டபிள்யூ 1னு இருந்தா அதுக்குப் பிந்தினது. மிச்சமிருந்த பழைய தகடை வீணாக்காம கொஞ்ச நாள் ஓட்டியிருக்கலாம், அதனால வருஷத்தைக் கறாரா சொல்ல முடியாது, ஆனா ரொம்பச் சுலபமான அடையாளம் இது.

ஹீல்ஸ் ஆதியில மெத்தை, கட்டில் கடை. ஆம்ப்ரோஸ் ஹீல் குடும்பத் தொழிலுக்குள்ள வந்து 1898ல அலங்காரமே இல்லாத ஓக் சாமானுக்குன்னு தனி கேட்லாக் போட்டார். அப்போ மார்க்கெட்ல பூவேலை, தங்கப்பூச்சு, சுருள் கால்னு இழைச்சு வெச்சிருந்த காலம், இதைப் பாத்துட்டு அவரோட கடை ஆளுங்களே இந்த ஜெயில் சாமானை எப்படி விக்கறதுன்னு கேட்டாங்கன்னு சொல்வாங்க. இன்னைக்கு அந்த ஜெயில் சாமானைத்தான் ஜனங்க தேடித் தேடி வாங்கறாங்க.

இப்ப சாண்ட் பேப்பர் விஷயம். அந்தக் காலத்து ஓக்ல பலதுக்கு அந்தப் பழுப்பு நிறம் பெயின்ட்டால வந்தது இல்ல, மூடின அறைக்குள்ள கடுமையான அம்மோனியாவை வெச்சு அந்தப் புகையில மரத்தை நிறுத்துவாங்க, ஓக்ல இருக்கற டானின்ங்கற துவர்ப்புச் சத்து அதோட சேர்ந்து மரமே கருத்துடும். மேல்பரப்புல மட்டும்தான் அந்த நிறம் அழுத்தமா இருக்கும், நீங்க மெஷின் வெச்சுத் தேய்ச்சா திட்டுத் திட்டா வெளிறிப்போகும், அப்புறம் எந்த வார்னிஷ் போட்டாலும் அது திரும்பி வராது. லேசா ஈரம் பண்ணின துணியால தொடைச்சு, காய்ஞ்சதும் தேன்மெழுகு பாலிஷ் கொஞ்சமா போடுங்க, போதும்.

அப்படியே டிராயரை முழுசா வெளிய இழுத்துக் கவிழ்த்துப் பாருங்க. பக்கத்து மூலையில டவ்டெயில் ஜாயின்ட், அதாவது புறா வால் மாதிரி விரிஞ்ச பல்லுங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்திருக்கற மூட்டு, எப்படி இருக்கு? கையால வெட்டினதுன்னா பல்லுங்க ஒண்ணுக்கொண்ணு துளி வித்தியாசப்படும், பக்கத்துல ஆசாரி குறிச்ச மெல்லிசான கோடு தெரியும். மெஷின்ல வெட்டினதுன்னா எல்லாம் அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். அதுக்கப்புறம் டிராயரோட முன்பலகைக்கு உள்பக்கம் பாருங்க, கைப்பிடி இருக்கற எடத்தைத் தவிர அடைச்சு வெச்ச பழைய ஓட்டை இருந்தா கைப்பிடி மாத்தியாச்சுன்னு அர்த்தம். தகட்டைச் சுத்தி இருக்கற மரத்தோட நிறத்தையும் கவனிங்க, ஒடைஞ்ச சாமான்லேர்ந்து தகட்டைப் பிடுங்கி இன்னொண்ணுல பதிக்கற புண்ணியவான்களும் உண்டு.

ஹாரோவிலிருந்து ஒரு வாசகி: ஏலத்தில ஒரு எட்வர்டியன் டிரெஸ்ஸிங் டேபிள் எடுத்தனான். சாட்டின்வுட் எண்டு எழுதியிருந்தவை. யாழ்ப்பாணத்தில இருந்து வந்த எங்கட அப்பம்மா அதைத் தடவிப் பார்த்திட்டு 'இது முதிரையெல்லோ பிள்ளை' எண்டு சொல்லுறா. உண்மையோ?

அப்பம்மா சொன்னது சரியா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, அவங்களுக்கு என் வணக்கம். ஈழத்து வீடுகள்ல கதவு நிலையும் ஜன்னலும் செய்யற அதே முதிரையைத்தான் வெள்ளைக்காரன் இலங்கையிலேர்ந்தும் தென்னிந்தியாவுலேர்ந்தும் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போய் சாட்டின்வுட்னு பேர் வெச்சு ராணி வீட்டு அலமாரிக்கெல்லாம் ஒட்டினான். கரீபியன் தீவுகள்லேர்ந்து வந்த இன்னொரு சாட்டின்வுட்டும் உண்டு, ஆனா எட்வர்டு மன்னர் காலத்துல, அதாவது 1901லேர்ந்து 1910 வரைக்கும், நம்ம பக்கத்து மரம்தான் நெறைய ஓடிச்சு. வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா பட்டுப்பொடவை மாதிரி ஒரு பக்கம் மின்னி இன்னொரு பக்கம் மங்கும், அந்த வரி வரியான மினுமினுப்புதான் அதோட அடையாளம்.

ஆனா ஒரு விஷயம். வீட்டுக் கதவு முழு மரம், உங்க டேபிள் அநேகமா மெல்லிசா சீவி ஒட்டின வெனீர். ஓரத்துல இல்லன்னா பின்பக்க விளிம்புல உத்துப் பாருங்க, உள்ள மஹாகனியோ பைனோ தெரியும். அது மட்டம்னு நெனச்சுடாதீங்க, 18ஆம் நூற்றாண்டு கடைசியில ஷெரட்டன்னு ஒருத்தர் புத்தகத்துல போட்ட டிசைன்களை நூறு வருஷம் கழிச்சு மறுபடி ஃபேஷனாக்கினப்போ எல்லாரும் அப்படித்தான் செஞ்சாங்க. வெனீருக்கு ரெண்டு எதிரி: நேர் வெயில், ரேடியேட்டர். டேபிளை ஜன்னலோரம் வெக்காதீங்க. விரல் நகத்தால லேசா தட்டிக்கிட்டே வாங்க, எங்கயாவது பொத்துன்னு வெத்துச் சத்தம் கேட்டா அங்க பசை விட்டுடுச்சு, உரிஞ்சு விழறதுக்குள்ள தெரிஞ்சவர்கிட்ட காட்டுங்க.

லீட்ஸ் வாசகர்: ஸ்டூல் கால்ல சின்னதா எலி செதுக்கியிருக்கு. எலி இருந்தா தங்கம்னு நண்பர் சொல்றார். நெஜமா?

யார்க்‌ஷயர்ல கில்பர்ன்னு ஒரு ஊர், அங்க ராபர்ட் தாம்ப்சன்னு ஒரு ஆசாரி இருந்தார், 1876ல பொறந்து 1955ல காலமானவர். செய்யற ஓக் சாமான் கிட்டத்தட்ட எல்லாத்துலயும் ஒரு எலியைச் செதுக்கி விட்டார், அதனால மவுஸ்மேன்னே பேர். அவரோட பட்டறை இன்னைக்கும் அதே ஊர்ல அதே எலியோட நடக்குது, அதனால எலி இருக்குங்கறதுக்காக பழசுன்னு ஆயிடாது, போன வருஷத்து ஸ்டூலாவும் இருக்கலாம்.

மேல்பலகை மேல உள்ளங்கையை வெச்சு மெதுவா நகர்த்துங்க. குளத்துத் தண்ணி லேசா அலையடிச்ச மாதிரி மேடும் பள்ளமுமா கைக்குத் தட்டுப்படணும், வாச்சியால செதுக்கி முடிச்ச மரம் அப்படித்தான் இருக்கும். எலியைப் பூதக்கண்ணாடியில பாருங்க, காலோட மரவரி அப்படியே எலிக்குள்ளயும் ஓடணும், எலி தனியா ஒட்டினதுன்னா வரி அங்கயே அறுந்துடும். ஆரம்பகால எலிகளுக்கு முன்னங்கால் உண்டு, அது அடிக்கடி ஒடைஞ்சதால அப்புறம் விட்டுட்டாங்க. முன்னங்காலோட இருந்தா உங்க நண்பர் வாய்க்கு சர்க்கரை போடுங்க. அதே வட்டாரத்துல அணில் செதுக்கினவர், குள்ளன் செதுக்கினவர்னு வேற பட்டறைகளும் வந்துச்சு, அவங்க சாமானும் நல்ல சாமான்தான், விலைதான் கம்மி.

சென்னை வாசகர்: லண்டன்ல இருக்கற பையன் தந்தம் பதிச்ச எட்வர்டியன் பெட்டி ஒண்ணு பாத்திருக்கான். இங்க கொண்டு வரச் சொல்லலாமா?

வேணாம் சார். பிரிட்டன்ல ஐவரி ஆக்ட் 2018ல போட்டு 2022 ஜூன்லேர்ந்து அமல்ல இருக்கு, 1947க்கு முந்தினதா இருந்து தந்தம் மொத்த அளவுல 10 சதவீதத்துக்குக் கீழ இருந்தாலும் ரிஜிஸ்டர் பண்ணாம விக்கவே கூடாது. நம்மூர்ச் சட்டம் அதைவிடக் கடுமை, ஏர்போர்ட்லயே பையனோட சேர்த்து உக்கார வெச்சுடுவாங்க. தந்தம் இல்லாத பெட்டி ஆயிரம் இருக்கு.

கிராய்டன் வாசகி: கூடை நாற்காலி ஒண்ணை 'லாய்ட் லூம்'னு சொல்லி வித்தாங்க. எனக்குப் பிரம்பு மாதிரிதான் தெரியுது. ஏமாந்துட்டேனா?

ஃபிரிட்ஜ் மேல ஒட்டற காந்தம் ஒண்ணை எடுத்துக்கிட்டு வாங்க. நாற்காலி முதுகுல நெட்டுக்குத்தா ஓடற இழை மேல வெச்சுப் பாருங்க, ஒட்டிச்சுன்னா நீங்க ஏமாறல. லாய்ட் லூம்ல பிரம்பே கெடையாது, அது முறுக்கின பிரவுன் பேப்பர், நெட்டு இழைகளுக்கு உள்ள மட்டும் எஃகுக் கம்பி. 1917ல அமெரிக்காவுல மார்ஷல் லாய்ட்ங்கறவர் கண்டுபிடிச்சது. பிரம்பை நாற்காலிச் சட்டம் மேலயே ஒவ்வொண்ணா பின்னறதுக்கு பதிலா, பேப்பர் துணியைத் தறியில தனியா நெய்து எடுத்து சட்டத்துல ஆணியடிச்சு மாட்டிடறது, வேலை நேரம் பாதிக்கும் கீழ போச்சு. பிரிட்டன்ல உரிமை வாங்கிச் செஞ்சது கிழக்கு லண்டன்ல லஸ்டி கம்பெனி. 1940ல குண்டு விழுந்து அவங்க ஃபேக்டரி எரிஞ்சு போச்சு.

காந்தம் ஒட்டிடுச்சா, இப்ப நாற்காலியைத் தலைகீழா போடுங்க. உள்பக்கச் சட்டத்துல லஸ்டியோட லேபிள் இருக்கலாம், மரத்துல தேதி முத்திரையே குத்தியிருக்கலாம். பெயின்ட் நாலஞ்சு பூச்சு ஏறியிருக்கும், அதை உரிக்கறேன்னு கெமிக்கல் ஊத்தி ஊறவெச்சுடாதீங்க, மறந்துடாதீங்க அது பேப்பர்.

பர்மிங்காம் வாசகர்: லிபர்ட்டி கம்பெனி 'டியூட்ரிக்' பியூட்டர் டீ செட் ஒண்ணு வாங்கினேன். ஊர்லேர்ந்து வந்திருக்கற அம்மா மங்கிக் கெடக்குன்னு புளி போட்டுத் தேய்க்கக் கிளம்பிட்டாங்க. தடுக்கறதா, விடறதா?

ஓடிப்போய்த் தடுங்க! பித்தளைக் குத்துவிளக்கு எதையாவது கொடுத்து அம்மாவைத் திசை திருப்புங்க. பியூட்டர்ங்கற கலப்பு உலோகத்துல பெரும்பங்கு வெள்ளீயம், ரொம்ப மிருதுவான உலோகம், புளியோட அமிலம் பட்டா மேல்பரப்பு அரிச்சு இன்னும் சாம்பல் நிறமா போகும். மெஷின் வெச்சுப் பாலிஷ் பண்றதும் வேணாம், மேல இருக்கற கொடிவேலையோட ஓரம் மழுங்கிடும். வெதுவெதுப்பான தண்ணியில துளி சோப்பு, மெத்துன்னு ஒரு துணி, ஒடனே ஈரம் போகத் தொடைக்கறது, அவ்வளவுதான். அந்த டீப்பாட்டை அடுப்புல வெச்சுடப் போறாங்க, அதையும் சொல்லி வைங்க, வெள்ளீயம் 232 டிகிரியிலயே உருகிடும், நீங்க திரும்பி வரும்போது ஸ்டவ் மேல உருண்டையா கெடக்கும்.

டியூட்ரிக்ங்கறது லண்டன் லிபர்ட்டி கடை தன்னோட பியூட்டர் சாமானுக்கு வெச்ச பேர். அந்த டிசைன்கள்ல ரொம்பப் பேர் எடுத்தது ஆர்ச்சிபால்ட் நாக்ஸோடது. ஐல் ஆஃப் மேன் தீவுக்காரர், அந்தத் தீவுல நிக்கற பழைய கல் சிலுவைகள்ல இருக்கற பின்னல் வேலையைச் சின்ன வயசுலேர்ந்து பாத்து வளர்ந்தவர், அதுதான் அவர் வரைஞ்ச கிண்ணம், கடிகாரம் எல்லாத்துலயும் கொடியா ஓடுது. லிபர்ட்டி டிசைனர் பேரை வெளிய சொல்லாது, கடை பேர்தான் எல்லாம், அதனால இவர் பேர் பல வருஷம் வெளியவே வரல. ஆனா கடை முதலாளி ஆர்தர் லிபர்ட்டி 1917ல செத்தப்போ கல்லறைக் கல்லை வரைஞ்சது இவர்தான், எனக்கு இந்த ஆளை ரொம்பப் பிடிக்க அதுவும் ஒரு காரணம். உங்க செட்டோட அடியில டியூட்ரிக்ங்கற பேரும் ஒரு மாடல் நம்பரும் குத்தியிருக்கும், அந்த நம்பரை வெச்சு இது நாக்ஸ் வரைஞ்சதா வேற யாராவதான்னு கண்டுபிடிக்கலாம்.

ரீடிங் வாசகி: கப்போர்டுல குண்டூசி ஓட்டை மாதிரி நெறைய. உளுத்துப்போச்சு, தூக்கிப் போடுன்னு வீட்டுக்காரர் சொல்றார்.

ஓட்டை இருக்குன்னா பூச்சி வெளிய போன வழி அது, உள்ள இன்னும் இருக்கான்னு தெரியாது. கால் அடியில கறுப்புப் பேப்பரை விரிச்சு வைங்க, மே மாசத்துலேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் பாருங்க. வெளுத்த மாவு புதுசா உதிர்ந்தா பூச்சி உயிரோட இருக்கு, போரான் மருந்து அடிக்கணும். ஒண்ணும் உதிரலன்னா அது முடிஞ்சு போன கதை. பின்பலகை ப்ளைவுட்டா இருந்தா அதை மட்டும் கூடுதலா கவனிங்க, 1930கள்ல ப்ளைவுட்டை மிருகக் கோந்துல ஒட்டுவாங்க, பூச்சிக்கு அது விருந்து.

வால்தம்ஸ்டோ வாசகர்: சின்ன சம்பளம் சார். பழைய சாமான் சேர்க்கற இந்த ஆசை எனக்கு வரலாமா? எதுல ஆரம்பிக்கறது?

தாராளமா. உங்க வீட்டுக்குக் கூப்பிடு தூரத்துல வில்லியம் மாரிஸ் கேலரி இருக்கு, காசு கேக்க மாட்டாங்க. வி அண்ட் ஏ, அதாவது விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியமும் ஹாக்ஸ்டன்ல மியூசியம் ஆஃப் தி ஹோமும் அப்படியே. ஒரு வருஷம் பாத்துட்டே இருங்க, வாங்காதீங்க, கண்ணு தானா பழகும்.

அப்புறம் யுடிலிட்டி சாமான்ல ஆரம்பிங்க. ரெண்டாம் உலகப்போர்ல மரத்துக்குப் பஞ்சம், குண்டு விழுந்து வீட்டை எழந்தவங்க ஒரு பக்கம், புதுசா கல்யாணம் ஆனவங்க ஒரு பக்கம், அதனால அரசாங்கமே இன்ன டிசைன்லதான் ஃபர்னிச்சர் செய்யணும்னு 1943லேர்ந்து உத்தரவு போட்டு கூப்பனுக்குக் கொடுத்துச்சு. டிசைன் குழுவுக்குத் தலைமை ஏத்தவர் காட்ஸ்வோல்ட்ஸ்ங்கற கிராமப்பகுதியில பெரிய பட்டறை வெச்சிருந்த கார்டன் ரஸ்ஸல். பணக்காரங்களுக்குச் செஞ்ச கைத்திறனை அவர் ஏழை வீட்டு அலமாரிக்குக் கொண்டு வந்தார்னுதான் நான் சொல்வேன். ப்ளைவுட் எல்லாம் விமானத்துக்குப் போயிட்டதால பலகை பல எடத்துல வெனீர் ஒட்டின ஹார்ட்போர்டுதான், ஆனா சட்டமும் மூட்டும் உறுதி. சிசி41னு அரசாங்கத்தோட யுடிலிட்டி முத்திரை இருக்கும், பல பேர் வீட்டு கேரேஜ்ல பெயின்ட் டப்பா அடுக்கி வெச்சு என்னன்னே தெரியாம கெடக்குது.

ஏலத்துக்குப் போனீங்கன்னா ஒரு கணக்கு. சுத்தியல் 200 பவுண்டுக்கு விழுந்துச்சுன்னு வைங்க, ஏலக்காரங்க நம்மகிட்ட வாங்கற கமிஷன், அதாவது பிரீமியம், 25 சதவீதம்னா 50, அந்த அம்பதுக்கு வாட் வரி 10, ஆக கையை விட்டுப் போறது 260. வண்டிக்கூலி தனி. கை தூக்கறதுக்கு முன்னாடி உங்க மாடிப்படி அகலத்தையும் அளந்துட்டுப் போங்க, எட்வர்டியன் அலமாரி நெறையது துண்டு துண்டா கழலும், ஆனா எல்லாம் கழலாது, கழலுமான்னு அங்கயே கேட்டு, முடிஞ்சா கழட்டிக் காட்டச் சொல்லுங்க.